சங்கச் செயலாளராக இருந்த இரண்டு வருடங்களும் 3,31,500 ரூபாயும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இரண்டு தம்பிமார் மட்டக்களப்புக் கல்லடியில் உள்ள என் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவர் ஏறாவூர், மற்றவர் களுவாஞ்சிகுடி. ஒலியமைப்புத் தொழிலில் இப்போதுதான் காலூன்றி வருபவர்கள். எங்கள் ஒலியமைப்புச் சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்தில் நிர்வாகசபைக்கு வர இருவருக்கும் விருப்பம். "அண்ணன், செயலாளர் என்றால் என்ன வேலை? கடிதம் எழுதுவதுதானே?" என்று ஒருவர் கேட்டார். 2023ஆம் ஆண்டு பெப்ரவரியில் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இரண்டு மணித்தியாலம் பேசியும் முடியவில்லை, இருட்டிவிட்டது. பேசி முடிக்காததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். அன்று எனக்கு இதை எடுத்துச் சொல்ல ஒருவர் இருந்திருந்தால், என் மனைவியின் காப்புகள் அடகுக் கடைக்குப் போயிருக்காது.

முதலில் என் ஆசையைச் சொல்லிவிட வேண்டும். யாரும் என்னைப் பிடித்து இழுத்துப் பதவியில் உட்கார வைக்கவில்லை. பதினொரு வருடங்களாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். கோயில் திருவிழா, பாடசாலை விளையாட்டுப் போட்டி, கலியாணம், கூத்து என்று எல்லாவற்றுக்கும் ஒலிபெருக்கி கட்டியிருக்கிறேன். எங்கள் பக்கத்தில் இந்த வேலையைச் செய்கிறவர்களில் பெரும்பாலோர் ஒரு முதலாளியின் பின்னால் வயர் சுருட்டியபடி கண்ணால் பார்த்துப் பழகியவர்கள். எந்த இரைச்சல் ஏன் வருகிறது என்று காரணம் சொல்ல ஆள் இல்லை. என் குருநாதருக்கு ஐம்பத்தைந்து வயதிலேயே வலக்காது சரியாகக் கேட்காது. 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணித்தியாலம் இருக்கலாம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறையும், 100 டெசிபலில் பதினைந்து நிமிடம்தான் என்ற கணக்கை நான் படித்தபோது அவர் முகம்தான் நினைவுக்கு வந்தது. அவருக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. ஸ்பீக்கர் பொக்ஸின் அருகே நின்று ஒவ்வொரு இரவும் ஆறேழு மணித்தியாலம் வேலை செய்தார்.

1948இல் நியூயோர்க்கில் தொடங்கிய ஒலிப் பொறியியல் சங்கத்தைப் பற்றி வாசித்ததும் அந்த நாட்களில்தான். உலகத்தின் பல நகரங்களில் அதற்குக் கிளைகள் இருக்கின்றன. கிளைக்குக் கிளை தலைவர், செயலாளர், பொருளாளர், செயற்குழு என்று தொண்டர்கள் நின்று நடத்துகிறார்கள். ஒரு மாலை கூடி, ஒருவர் தான் கண்டறிந்ததைப் பேச, மற்றவர்கள் கேள்வி கேட்கிறார்கள். மட்டக்களப்பில் ஏன் அப்படி இருக்கக் கூடாது என்று தோன்றியது. பாடுமீன் ஒலியைத் தோணியில் இருந்து துடுப்பில் காது வைத்துக் கேட்ட ஊர் இது. அருட்தந்தை லாங் அந்த ஒலியைப் பதிவு செய்தார். யாழின் நரம்புகளையும் சுருதிகளையும் கணக்குப் போட்டு ஆராய்ந்த சுவாமி விபுலாநந்தர் பிறந்த காரைதீவு இங்கிருந்து பஸ்ஸில் போகும் தூரம்தான். ஒலியைப் பற்றி ஆழமாகப் பேச எங்களுக்கு உரிமை இருக்கிறது என்று நம்பினேன். இப்போதும் நம்புகிறேன்.

எங்கள் சங்கத்தில் அப்போது 43 உறுப்பினர்கள். வாழைச்சேனை தொடக்கம் கல்முனை வரை, தமிழர்களும் முஸ்லிம்களும் கலந்து இருந்தார்கள். பிரதேச செயலகத்தில் பதிவு செய்த சங்கம். மாதச் சந்தா 500 ரூபாய். பொதுக்கூட்டம் ஒரு தனியார் கல்வி நிலையத்தின் வகுப்பறையில் நடந்தது. செயலாளர் பதவிக்குப் பெயர் முன்மொழியச் சொன்னார்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. மின்விசிறி சுழலும் சத்தம் மட்டும் கேட்டது. பின்வரிசையில் இருந்த மூத்தவர் ஒருவர், "தம்பி, நீங்கள் படித்த பிள்ளை, எழுதவும் வாசிக்கவும் நேரம் வைத்திருக்கிறீர்கள், நீங்கள் எடுங்கள்" என்றார். நான் கையை உயர்த்தினேன். பயிற்சிப் பட்டறை, காதுப் பாதுகாப்பு, பொதுவான அளவீட்டு மைக் என்று ஐந்து நிமிடம் பேசினேன். எல்லோரும் கைதட்டினார்கள். பழைய செயலாளர் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நெடுநாள் சுமந்த மூட்டையை இறக்கி வைத்தவரைப் போல அவர் தோள் தளர்ந்ததைக் கண்டேன். ஏன் என்று அவரிடம் கேட்கவில்லை.

பதவிக்கு வர விரும்புகிறவர்கள் அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும். கூட்டத்தில் வைத்துக் கேட்டால் உண்மை வராது. இரண்டு வாரங்களுக்கு முன்பே அவருடைய வீட்டுக்குப் போங்கள். எந்த வேலை உங்கள் தூக்கத்தைக் கெடுத்தது, எதற்குக் கைக்காசு போட்டீர்கள், எது முடியாமல் கிடக்கிறது என்று கேளுங்கள். யாப்பின் (சங்க விதிகளின்) பிரதியையும் வங்கிப் புத்தகத்தையும் கூட்ட அறிக்கைப் புத்தகத்தையும் பார்க்கக் கேளுங்கள். உறுப்பினர் என்ற முறையில் அது உங்கள் உரிமை. நான் கேட்கவில்லை. கூட்டம் முடிந்ததும் எனக்குக் கிடைத்தது ஒரு துணிக்கடைப் பை. அதற்குள் கூட்ட அறிக்கைப் புத்தகம், பாதி பயன்படுத்திய மூன்று பற்றுச்சீட்டுப் புத்தகங்கள், இறப்பர் முத்திரை ஒன்று. வீட்டுக்கு வந்து அறிக்கைப் புத்தகத்தைத் திறந்தால் கடைசி எட்டு மாதங்களுக்கு ஒரு வரிகூட எழுதப்படவில்லை. உபகரணப் பட்டியல் என்று ஒரு தாள்கூட இல்லை. எந்த மைக் யார் வீட்டில் இருக்கிறது என்பதை ஆளாளுக்குத் தொலைபேசி எடுத்துத்தான் கண்டுபிடித்தேன். அதற்கே ஒரு மாதம் போனது.

மார்ச் மாதத்தில் புதிய தலைவரும் பொருளாளரும் நானும் வங்கிக்குப் போனோம். கணக்கில் 2,12,000 ரூபாய் இருந்தது. காசோலையில் கையொப்பமிடும் அதிகாரம் பழைய தலைவரிடமும் பழைய பொருளாளரிடமும் இருந்தது. பழைய தலைவர் கட்டாருக்குப் போய்விட்டார். பெயர்களை மாற்றித் தாருங்கள் என்று கூட்ட அறிக்கையைக் கொடுத்தோம். அந்த உத்தியோகத்தர் பொறுமையான பெண். யாப்பைப் பக்கம் பக்கமாக வாசித்தார். பிறகு வரவுப் பட்டியலில் இருந்த கையொப்பங்களைப் பேனா முனையால் ஒன்று, இரண்டு என்று எண்ணினார். 19. "சேர், உங்கள் யாப்பின்படி கூட்ட நடப்பெண் உறுப்பினர்களில் பாதிப் பேர். 43 பேருக்கு 22 பேராவது வந்திருக்க வேண்டும். 21 நாள் முன்னறிவித்தலும் வேண்டும், அதற்கான கடிதம் எங்கே?" என்றார். வட்ஸ்அப்பில் ஒன்பது நாட்களுக்கு முன் போட்ட ஒரு செய்திதான் எங்கள் முன்னறிவித்தல். யார் யாருக்குக் கையொப்ப அதிகாரம் என்ற தீர்மானமும் அறிக்கையில் இல்லை. அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. விசேட பொதுக்கூட்டம் ஒன்றைக் கூட்டி, எல்லாவற்றையும் முறைப்படி செய்துகொண்டு வரச் சொன்னார்.

சொல்வது சுலபம். ஏப்ரலில் சித்திரை வருடப் பிறப்பு. வைகாசி பிறந்தால் கண்ணகி அம்மன் கோயில்களில் சடங்கு, குளிர்த்தி. ஆடி அமாவாசைக்கு மாமாங்கேஸ்வரர் கோயில் திருவிழா. அதன்பின் ஆவணி வரை ஒவ்வொரு ஊரிலும் ஏதோ ஒரு திருவிழா. எங்கள் தொழிலில் இருப்பவனுக்கு வருமானம் வருகிற மாதங்களே அவைதான். அந்த நாட்களில் 22 பேரை ஒரே மாலையில் ஓரிடத்தில் உட்கார வைக்க முடியாது. இரண்டு முறை கூட்டம் வைத்து, 14 பேரும் 17 பேரும் வந்து கலைந்து போனார்கள். மூன்றாவது முறை செப்ரெம்பரில்தான் கூடியது. அதுவரை ஏழு மாதம் சங்கத்தின் பணம் இருந்தும் இல்லாத நிலை. ஆகவே பொதுக்கூட்டத் திகதியை ஜனவரியிலோ பெப்ரவரியிலோ வையுங்கள், அன்றைய தினமே வரவை எண்ணிப் பாருங்கள், ஆள் குறைந்தால் தெரிவை நடத்தாமல் ஒத்திவையுங்கள். கையொப்ப அதிகாரத் தீர்மானத்தை, பெயரும் அடையாள அட்டை இலக்கமும் சேர்த்து, அந்த இடத்திலேயே எழுதி வாசித்து நிறைவேற்றுங்கள். ஆள் குறைந்த கூட்டத்தில் தெரிவான நான், வங்கியின் கண்ணில் ஏழு மாதங்கள் செயலாளராகவே இருக்கவில்லை.

ஆனால் உறுப்பினர்கள் கண்ணில் முதல் நாளில் இருந்தே செயலாளர்தான். இரவில் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் மாவட்டத்தில் ஒலியமைப்புச் சங்கத்தை நடத்தப்போகிறவருக்கு இதுதான் அன்றாட வேலை. ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வேண்டும். அது பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 80ஆம் பிரிவின் கீழ் வருகிறது. 2007ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அந்த அனுமதி வழங்கக் கூடாது. விசேட சமய நிகழ்வுகளுக்கும் விசேட வைபவங்களுக்கும், சுற்றியுள்ள வீட்டாரின் கருத்தை அறிந்த பிறகே விதிவிலக்குக் கொடுக்கலாம். வடமோடிக் கூத்தோ தென்மோடிக் கூத்தோ விடிய விடிய ஆடப்படுவது. கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரின் மத்தளமும் தாளமும் களரியைச் சுற்றி இருப்பவர்களுக்குக் கேட்கும். பாட்டு வரிகள் பின்னால் பாய் விரித்து இருக்கும் கிழவிக்கும் கேட்க வேண்டும் என்றுதான் மைக் கட்டுகிறோம். ஊர்க்காரர் "அனுமதி எடுத்தாயிற்று" என்று வாயால் சொல்லுவார், தம்பி பெட்டிகளை இறக்கிவிடுவான், பத்தரைக்குப் பொலிஸ் வரும், பத்து நாற்பதுக்கு எனக்கு அழைப்பு வரும்.

இதற்கு நான் கண்ட வழி, ஓர் எளிய படிவம். நிகழ்ச்சி, இடம், தொடக்க நேரம், முடிவு நேரம், அயல் வீட்டார் கையொப்பம், கிராம உத்தியோகத்தர் கையொப்பம் என்று ஒரே பக்கத்தில். ஏற்பாட்டாளர் அந்தப் படிவத்தோடு அனுமதிக் கடிதத்தின் பிரதியைக் கொடுக்காமல் எங்கள் உறுப்பினர் யாரும் பெட்டி இறக்குவதில்லை என்று முடிவெடுத்தோம். காத்தான்குடியைச் சேர்ந்த காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் அழைப்போம்) ஒருவர் அதைத் தட்டச்சு செய்து தந்தார். இரவு அழைப்புகள் பாதிக்கு மேல் குறைந்தன. ஆனால் படிவம் வந்தது நவம்பரில். அதற்குள் நடக்கக் கூடாதது நடந்துவிட்டது.

நடுவில் பட்டறையைச் சொல்லிவிடுகிறேன், அது நல்ல நினைவு. மே மாதத்தில், சடங்குக் காலம் சூடு பிடிப்பதற்கு முன், கொழும்பில் இருந்து அனுபவமுள்ள ஒலிப் பொறியியலாளர் ஒருவரை அழைத்தேன். சம்பளம் வேண்டாம் என்றார். இரவு ரயிலில் வந்து இறங்கி, காலை ஒன்பது மணிக்கே கல்லடிக் கடற்கரையில் எங்களை வரிசையாக நிற்க வைத்தார். 35 மீட்டர் தள்ளி ஒருவரை நிறுத்தி இரண்டு மரக்கட்டைகளை ஓங்கித் தட்டச் சொன்னார். கட்டைகள் சேர்ந்ததைக் கண் பார்த்துவிட்டது, சத்தம் ஒரு கணம் பிந்தி வந்தது. எங்கள் வெயிலில் ஒலி ஒரு செக்கனில் ஏறக்குறைய 350 மீட்டர் போகிறது, 35 மீட்டருக்குப் பத்தில் ஒரு செக்கன். மைதானத்தின் நடுவில் நாம் கட்டுகிற இரண்டாவது சோடி ஸ்பீக்கருக்கு அந்தத் தாமதத்தை மிக்சரில் கொடுக்காவிட்டால் பேச்சு ஏன் எதிரொலி போலக் குழம்புகிறது என்பது 27 பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கும் ஒருவர் அந்தக் கட்டைகளைத் தானும் வாங்கி நாலைந்து முறை தட்டிப் பார்த்தார். அந்தக் காட்சிக்காகத்தான் நான் பதவிக்கு வந்தேன்.

செலவு 68,500 ரூபாய். பயணம், தங்குமிடம், மண்டப வாடகை, மதிய உணவு, அச்சடித்த குறிப்புகள். ஆளுக்கு 1,000 ரூபாய் வீதம் 27,000 வந்தது. மீதி 41,500 என் கையால் போனது. வங்கிக் கணக்குத் திறந்ததும் எடுத்துக்கொள்ளலாம் என்று தலைவர் தொலைபேசியில் சொன்னார். கணக்குத் திறந்தபின் நிர்வாகசபையில் கேட்டேன். 25,000 ரூபாய்க்கு மேற்பட்ட செலவுக்கு முன்கூட்டியே எழுத்து மூல அங்கீகாரம் வேண்டும் என்று யாப்பில் இருப்பதை ஒருவர் எடுத்துக் காட்டினார். பின்திகதியிட்டு அறிக்கை எழுத நான் சம்மதிக்கவில்லை. அந்த 41,500 இன்றுவரை வரவில்லை. தொலைபேசியில் கிடைத்த சம்மதத்தை அன்றிரவே செய்தியாக எழுதி, "நீங்கள் சொன்னபடி இந்தத் தொகையைச் செலவழிக்கிறேன், உறுதிப்படுத்துங்கள்" என்று அனுப்பி, பதில் வந்த பிறகு மட்டும் பணத்தை எடுங்கள். உறவு கெட்டுவிடும் என்று கூச்சப்பட வேண்டாம். எழுதாமல் விட்டதால்தான் எனக்கும் அந்தத் தலைவருக்கும் இடையில் ஆறு மாதம் பேச்சு இல்லாமல் போனது.

இனி ஓகஸ்ட். அம்பாறை மாவட்டத்துப் பாடசாலை ஒன்றின் பழைய மாணவர்கள் பெரிய இசை நிகழ்ச்சி ஒன்றைச் சங்கத்திடம் ஒப்படைத்தார்கள். வருமானத்தில் பயிற்சி நிதி தொடங்கலாம் என்று எல்லோரும் மகிழ்ந்தோம். மைதானம் பெரியது, எங்களிடம் உள்ள பெட்டிகள் போதாது. கொழும்பில் இருந்து அம்ப்ளிஃபயர் உள்ளேயே பொருத்திய ஸ்பீக்கர் தொகுதி ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். அவர்கள் ஒப்பந்தத்தை அனுப்பினார்கள். சங்கத்தின் பெயரில் எழுதலாம், ஆனால் தனிநபர் ஒருவர் பொறுப்பாளியாகக் கையொப்பமிட வேண்டும் என்றார்கள். தலைவர் ஊரில் இல்லை. பொருளாளர், "நீங்கள்தானே எல்லாவற்றையும் பேசினீர்கள், நீங்களே போடுங்கள்" என்றார். அடையாள அட்டைப் பிரதியோடு என் கையொப்பத்தைப் போட்டேன். எழுத அரை நிமிடம் ஆகியிருக்காது.

மும்முனை மின்பிறப்பாக்கி லொறியில் வந்து மேடைக்குப் பின்னால் நின்றது. எந்த நிகழ்ச்சியிலும் பெட்டிகளுக்கு மின்சாரம் கொடுக்கும் முன் ஒவ்வொரு ஃபேஸுக்கும் (மின்சாரம் வரும் மூன்று வயர்களில் ஒவ்வொன்றுக்கும்) நியூட்ரலுக்கும் (அவற்றின் பொது வயருக்கும்) இடையில் 230 வோல்ட் இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்ப்பது என் வழக்கம். அன்றும் மீட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். தொலைபேசி அடித்தது. கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு உறுப்பினர், பொலிஸ் வந்து நிற்கிறது, பெட்டியைக் கழற்றச் சொல்கிறார்கள், ஏதாவது செய்யுங்கள் அண்ணன் என்று அழாத குறையாகக் கேட்டார். மைதானத்தின் ஓரத்துக்குப் போய் அவரோடும், பொலிஸ் உத்தியோகத்தரோடும், மறுபடி அவரோடும் பேசினேன். 22 நிமிடம். பேசி முடித்துத் திரும்பியபோது மேடையின் இடப்பக்கத்து விளக்குகள் கண் கூசும்படி வெள்ளையாக எரிந்தன, வலப்பக்கத்து விளக்குகள் மங்கிச் சிவந்து கிடந்தன. பார்த்த உடனே வயிறு எரிந்தது. நியூட்ரல் வயர் மின்பிறப்பாக்கியின் முனையில் சரியாக முறுக்கப்படாமல் கழன்றிருந்தது. நியூட்ரல் விட்டுப்போனால் சுமை குறைந்த ஃபேஸில் வோல்ட் ஏறும். 230இல் ஓட வேண்டிய பொருளுக்கு 400ஐ நெருங்கும் அளவுக்குக்கூட ஏறலாம். ஓடிப்போய்ப் பிரதான ஆளியை அணைத்தேன். அதற்குள் மூன்று பெட்டிகளில் இருந்து கருகிய வாசம் வந்துவிட்டது. மூடியின் இடுக்கில் இருந்து மெல்லிய புகை ஒரு நூல் போல மேலே போனது.

எஞ்சிய பெட்டிகளையும் எங்கள் சொந்தப் பெட்டிகளையும் கோத்து ஒன்றரை மணித்தியாலம் பிந்தி நிகழ்ச்சியை நடத்தினோம். சனங்கள் பாடினார்கள், கைதட்டினார்கள். நான் மிக்சரின் முன்னால் நின்றபடி திருத்தச் செலவை மனத்துக்குள் கூட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு கிழமைக்குப் பிறகு பட்டியல் வந்தது: 3,80,000 ரூபாய். அதைப் படம் எடுத்துச் சங்கத்தின் வட்ஸ்அப் குழுவில் போட்டேன். 38 பேர் பார்த்திருந்தார்கள். இரவு முழுக்க ஒரு பதிலும் வரவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கும் எடுத்துப் பார்த்தேன். அந்த இரவைப் போல ஒன்று எனக்கு அதற்கு முன் வந்ததில்லை.

நிர்வாகசபை கூடியது. ஒப்பந்தத்தில் இருப்பது தம்பியின் கையொப்பம், சங்கப் பணத்தை எடுத்தால் நாளை உறுப்பினர்கள் கேள்வி கேட்பார்கள் என்றார்கள். மின்பிறப்பாக்கிக்காரர் தன்மீது பிழை இல்லை என்று நின்றார், எழுத்தில் எதுவும் இல்லாததால் என்னால் வாதாட முடியவில்லை. எட்டுப் பேர் மட்டும் தங்கள் சட்டைப் பையில் இருந்து 90,000 ரூபாய் சேர்த்துத் தந்தார்கள். அந்த எட்டுப் பேரில் ஒருவர், படிவம் தட்டச்சு செய்து தந்த அதே காக்கா. மிச்சம் 2,90,000. நான்கு நாட்கள் மனைவியிடம் சொல்லாமல் மறைத்தேன். ஐந்தாம் நாள் அவளே கேட்டாள். சொன்னேன். உள்ளே போய் இரண்டு காப்புகளைக் கழற்றிக்கொண்டு வந்து மேசையில் வைத்தாள். அடகில் 1,50,000 கிடைத்தது. தாழ்ந்த ஒலிக்கான என் 18 அங்குலப் பேஸ் பெட்டிகள் இரண்டையும் 1,40,000க்கு விற்றேன். அடுத்த பருவத்தில் ஒவ்வொரு பெரிய நிகழ்ச்சிக்கும் பேஸ் பெட்டியை வாடகைக்கு எடுக்க வேண்டி வந்தது, அந்தக் கணக்கைத் தலைப்பில் உள்ள தொகையில் (இந்த 2,90,000உம் பட்டறையின் 41,500உம்) நான் சேர்க்கவில்லை. காப்புகளை மீட்கப் பதினாறு மாதம் எடுத்தது.

பிழை எங்கே என்று பல இரவுகள் யோசித்திருக்கிறேன். தனிநபர் பொறுப்பில் கையொப்பமிட்டது முதல் பிழை. சங்கத்துக்காக எடுக்கிற எந்தப் பொருளுக்கும் நிர்வாகசபையில் குறைந்தது மூன்று பேர் கூட்டாகக் கையொப்பமிட வேண்டும். அதற்கு ஆள் வராவிட்டால் அந்த நிகழ்ச்சியை விட்டுவிட வேண்டும். வாடகைப் பொருளுக்குக் காப்புறுதி இருக்கிறதா, இல்லாவிட்டால் எவ்வளவு தொகைக்கு நாம் பொறுப்பு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக் கேட்க வேண்டும். மின்பிறப்பாக்கிக்காரருடன் ஒரு பக்கக் கடிதமாவது வேண்டும். வோல்ட் ஏறினால் தானாக அறுந்து விடும் பாதுகாப்புக் கருவியை விநியோகப் பெட்டியில் பொருத்துங்கள். நான் இழந்ததோடு ஒப்பிட்டால் அதன் விலை ஒன்றுமே இல்லை. இன்னொன்றைப் புதியவர்கள் யோசித்தே பார்க்கமாட்டார்கள்: நிகழ்ச்சி நாளில் செயலாளரின் தொலைபேசி வேறு ஒருவரிடம் இருக்க வேண்டும். தொழில்நுட்பப் பொறுப்பையும் சங்கப் பொறுப்பையும் ஒரே ஆள் ஒரே இரவில் சுமந்தால் இரண்டில் ஒன்று கைநழுவும். என் கையில் மீட்டர் இருந்தது, காதில் தொலைபேசி இருந்தது.

விலகிவிடலாம் என்று செப்ரெம்பரில் கடிதம் எழுதி வைத்தேன். கொடுக்கவில்லை. அந்த நிலையில் விட்டுப் போனால் அடுத்து வருபவருக்கும் ஒரு துணிக்கடைப் பைதான் கிடைக்கும் என்று தோன்றியது. மிச்சக் காலத்தில் புதிய நிகழ்ச்சி எதையும் எடுக்கவில்லை. கூட்ட அறிக்கையை அன்றிரவே எழுதி அடுத்த நாள் காலை எல்லோருக்கும் அனுப்பினேன். உபகரணங்களுக்கு இலக்கம் ஒட்டிப் பதிவேடு எழுதினேன், தொடர் இலக்கம், வாங்கிய திகதி, யாரிடம் இருக்கிறது என்பது வரை. 2024 நவம்பர் இறுதியில் பெய்த மழையில் எங்கள் ஒழுங்கைக்குள் வெள்ளம் வந்தபோது, அந்தப் பதிவேட்டைப் பார்த்துத்தான் இரவோடு இரவாக எல்லாப் பொருட்களையும் அயல் வீட்டு மேல்மாடிக்கு ஏற்றினோம். சங்கப் பொருட்களை ஒருவரின் வீட்டில் வைப்பதாக இருந்தால் மாரியில் தண்ணீர் ஏறாத வீடா என்று பார்த்து வையுங்கள்.

அந்தத் தம்பிமாரிடம் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. முதல் வருடம் ஒரு சிறிய பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள் என்றேன். பயிற்சிப் பட்டறை ஒன்று, வயர் திருத்தும் நாள் ஒன்று, பதிவேடு ஒன்று. அதைச் செய்யும்போது யார் சொன்ன நேரத்துக்கு வருகிறார், யார் பணத்துக்குப் பற்றுச்சீட்டு எழுதுகிறார், யார் பேச்சோடு நிற்கிறார் என்பது தெரிந்துவிடும். அவர்களில் யாரோடு சேர்ந்து கையொப்பமிடலாம் என்பதும் தெரிந்துவிடும். தனியாகப் போட்டியிடாதீர்கள், மூன்று பேராகப் பேசி வைத்துக்கொண்டு வாருங்கள் என்றும் சொன்னேன். நான் இப்போதும் சங்கத்தில்தான் இருக்கிறேன், பட்டறைகளை மட்டும் ஒழுங்கு செய்கிறேன். கடற்கரையில் கட்டை தட்டும் வகுப்பு ஒவ்வொரு மே மாதமும் நடக்கிறது.

2025 பெப்ரவரியில், நடப்பெண் நிறைந்த கூட்டத்தில், வந்தாறுமூலையைச் சேர்ந்த தங்கச்சி ஒருவர் செயலாளராகத் தெரிவானார். ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்கிறவர். அடுத்த சனிக்கிழமை பொருளாளருடன் என் வீட்டுக்கு வந்தார். திண்ணையில் பாய் விரித்து எல்லாவற்றையும் பரப்பினோம். நான் பதிவேட்டை வாசிக்க வாசிக்க, அவர் ஒவ்வொரு மைக் வயரையும் எடுத்து, இரண்டு முனையையும் சோதிப்புக் கருவியில் செருகிப் பார்த்து, சுருட்டி வைத்தார். பதிவேட்டில் 24 வயர்கள். பாயில் 23. நான் நினைவைத் தடவிப் பார்த்தேன், எங்கே போனதென்று தெரியவில்லை. "ஒன்றுதானே தங்கச்சி, நான் வாங்கித் தந்துவிடுகிறேன், கையொப்பம் வையுங்கள்" என்றேன். அவர் பேனாவை மூடவில்லை. "அண்ணன், நீங்கள் வாங்கித் தர வேண்டாம். இல்லை என்று எழுதுவோம்" என்று சொல்லி, 24 என்பதற்குப் பக்கத்தில் 23 என்று எழுதி, திகதி போட்டு, மூன்று பேரும் கையொப்பமிடும்படி பதிவேட்டை என் பக்கம் திருப்பினார்.